மந்தை எடை மேடை: இரண்டு ஈற்றுக் காலப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

எங்கள் இறைச்சி மந்தையில் 14ஆம் எண் பசுவும் 31ஆம் எண் பசுவும் நான்கு ஆண்டுகளாக ஒரே தீவனத் தொட்டியில் அடுத்தடுத்து நின்று தின்றவை. 14ஆம் எண் பசு குட்டைக்கால், அகன்ற விலா, உருண்டு திரண்ட உடல் கொண்டது. 31ஆம் எண் பசு நெட்டைக்கால், நீண்ட முதுகு, இறங்காத வயிறு கொண்டது. இரண்டும் ஐந்நூறு கிலோவுக்குச் சற்று மேலே, ஏறக்குறைய ஒரே எடை என்றுதான் நான் கணித்திருந்தேன். மாடுகளை அன்றாடம் பார்க்கும் கண்ணுக்கு எடை தப்பாது என்ற நம்பிக்கையும் எனக்கு இருந்தது. எடை மேடையை நிறுவிய முதல் நாள் காலையில் 14 ஏறி நின்றபோது திரையில் 452 என்ற எண் நின்றது. 31 ஏறியபோது 604 என்று காட்டியது. இரண்டையும் இறக்கி, வெற்று மேடை சுழியத்தைக் காட்டுகிறதா என்று சரிபார்த்து, மீண்டும் ஏற்றினேன். எண்கள் மாறவில்லை. 150 கிலோ வேறுபாடு நான்கு ஆண்டுகளாக என் கண்ணில் படாமலே இருந்திருக்கிறது. அந்த நான்கு ஆண்டுகளும் இரண்டுக்கும் ஒரே அளவுத் தீவனம்தான் போட்டு வந்தேன்.

இம்மதிப்பீடு அந்த எடை மேடையையும், அதே பெட்டியில் அதனுடன் வந்த தீவன அட்டவணையையும் பற்றியது. மேடையை மனமாரப் பரிந்துரைக்கிறேன். அட்டவணையைப் பயன்படுத்த வேண்டாம் என்று அதே உறுதியுடன் சொல்கிறேன். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்க, மாட்டின் உடல் பருமனுக்கும் அதன் தீவனத் தேவைக்கும் உள்ள உறவைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

மேடையின் அமைப்பு எளிமையானது. இரண்டு எஃகுத் தண்டுகள், ஒவ்வொன்றின் இரு முனைகளிலும் எடையை உணரும் ஒரு லோட் செல், அவற்றின்மேல் வரியோடிய ரப்பர் விரித்த அலுமினியத் தளம், கம்பிவழி இணையும் ஒரு திரைப் பெட்டி, அவ்வளவுதான். மாட்டை நிறுத்தும் கூண்டுக்கு அடியிலும் இதைப் பொருத்தலாம். தனியாக, இருபுறமும் தடுப்பு வைத்தும் நிறுத்தலாம். மாடு கால் மாற்றி மாற்றி நிற்கும்போது எடை ஏறி இறங்குவதைக் கருவியே சராசரி பார்த்து, ஓர் எண்ணில் பூட்டிக் காட்டுகிறது. அமைதியான மாட்டுக்கு ஐந்து நொடி போதும். மிரளும் கிடேரிக்கு அரை நிமிடம் ஆகிறது. ரப்பர் தளம் வழுக்காமல் இருப்பது மிகப் பெரிய நன்மை, ஏனெனில் முதல் முறை வழுக்கிய மாடு அடுத்த முறை மேடையில் கால் வைக்காது.

துல்லியத்தைப் பொறுத்தவரை எனக்குக் குறையில்லை. 50 கிலோ தீவன மூட்டைகள் நான்கைத் தனியே நிறுத்துப் பார்த்து, பிறகு மேடையின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் மாற்றி மாற்றி வைத்துச் சோதித்தேன். எங்கு வைத்தாலும் ஒரு கிலோவுக்கு மேல் வேறுபாடு வரவில்லை. ஆனால் கருவியின் துல்லியம் வேறு, நாம் எடுக்கும் எடையின் நம்பகம் வேறு. ஒரே பசுவைக் காலையில் தண்ணீர் காட்டுமுன் நிறுத்தபோது 548 கிலோவும், மேய்ந்து நீர் குடித்து வந்த மாலையில் 579 கிலோவும் காட்டியது. அசை போடும் விலங்கின் வயிற்றில் இருக்கும் தீவனமும் நீரும் அதன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் இருக்கக்கூடும் என்பதால் இதில் வியப்பில்லை. எடையை எப்போதும் ஒரே வேளையில், காலைத் தீவனத்துக்கு முன்பு எடுக்க வேண்டும் என்ற ஒரு வரியைக் கையேட்டில் சேர்த்திருக்கலாம். சினை முற்றிய மாட்டின் எடையில் கன்று, பனிக்குட நீர், நச்சுக்கொடி ஆகியவை சேர்ந்து அறுபது கிலோவுக்கு மேல் இருக்கும் என்பதையும் சேர்த்திருக்கலாம். எங்கள் மந்தையில் கன்று பால்குடி மறக்கும் நாளன்று எடுக்கும் எடையையே தாயின் எடையாகக் கொள்கிறோம். அப்போது சினையும் இளசு, மடியும் வற்றும் நிலைக்கு வந்துவிடும்.

மேடை வருவதற்கு முன்பு நாடாவைத்தான் நம்பியிருந்தேன். மார்புச் சுற்றளவின் வர்க்கத்தை உடல் நீளத்தால் பெருக்கி, எல்லாம் சென்டிமீட்டரில் இருந்தால் 10,840ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். சுற்றளவு 190, நீளம் 150 என்றால் ஏறக்குறைய 500 கிலோ. நடுத்தர உடலுடைய, சினையில்லாத மாட்டுக்கு இது பெரும்பாலும் ஒத்து வருகிறது. 31ஐப் போன்ற நெட்டை மாட்டுக்கும் சினை முற்றிய மாட்டுக்கும் எங்கள் நாடாக் கணக்கு மேடையின் எடையிலிருந்து நாற்பது கிலோ வரை விலகியது. பத்துப் பசுக்கள் உள்ளவருக்கு நாடாவே போதும் என்பது என் கருத்து.

கருவியில் ஒரு குறை உண்டு. தண்டிலிருந்து திரைப் பெட்டிக்குச் செல்லும் கம்பி, தளத்தின் பக்கவாட்டில், சரியாக மாட்டின் பின்னங்கால் இறங்கும் இடத்தில் வெளியே வருகிறது. மூன்றாவது வாரத்தில் ஒரு பசு அதை மிதித்து இணைப்பை நசுக்கிவிட்டது. விற்றவர்கள் மாற்றுக் கம்பி அனுப்ப ஆறு வாரம் எடுத்துக்கொண்டார்கள். மிதிபட்டது எங்கள் தவறு என்று முதல் கடிதத்தில் எழுதினார்கள். புதுக் கம்பியை ஓர் இரும்புக் குழாய்க்குள் செலுத்தி முன்பக்கமாகத் திருப்பிய பிறகு தொல்லை இல்லை. இதை வாங்குபவர்கள் முதல் நாளே அப்படிச் செய்துவிடுவது நல்லது. தளத்துக்கு அடியில் சாணமும் மண்ணும் சேர்ந்தால் எடை குறைத்துக் காட்டும். வாரம் ஒருமுறை கழுவி விடுகிறோம்.

இனி அட்டவணைக்கு வருகிறேன். கெட்டி அட்டையில் அச்சிட்டு, கொட்டகைச் சுவரில் மாட்டும் வகையில் துளையிட்டு, அழகாகவே செய்திருக்கிறார்கள். இடப்பக்கம் மாட்டின் எடை, வலப்பக்கம் நாள் ஒன்றுக்கு உலர் பொருள் அடிப்படையில், அதாவது ஈரத்தைக் கழித்த எடையில், தீவனம். 450 கிலோ மாட்டுக்கு 11.25 கிலோ, 600 கிலோ மாட்டுக்கு 15 கிலோ. இரண்டு வரிகளைப் பார்த்தாலே எல்லா வரிகளும் புரிந்துவிடும்: எடையில் இரண்டரை சதவீதம் என்ற ஒரே கணக்கை மேலிருந்து கீழ்வரை பெருக்கி எழுதியிருக்கிறார்கள். மாடு மூன்றில் ஒரு பங்கு கனமாக இருந்தால் தீவனமும் மூன்றில் ஒரு பங்கு கூட வேண்டும் என்பது இதன் உட்பொருள். பலரும் நம்பும் கணக்குதான். ஆனால் உயிருள்ள உடல் அப்படி இயங்குவதில்லை.

வெவ்வேறு பருமனுள்ள விலங்குகள் ஓய்வில் இருக்கும்போது எவ்வளவு ஆற்றலைச் செலவிடுகின்றன என்பதை ஒப்பிட்டு, அச்செலவு எடையோடு நேராக உயர்வதில்லை, எடையின் முக்கால் அடுக்கோடு (அதாவது எடையை 0.75 என்ற அடுக்குக்கு உயர்த்தினால் வரும் எண்ணோடு) உயர்கிறது என்று விலங்கு உடலியல் ஆய்வாளர் மேக்ஸ் கிளைபர் 1932இல் எழுதினார். இறைச்சி மாடுகளுக்கு இக்கருத்தைத் தீவனக் கணக்காக மாற்றியவர்கள் லாஃப்கிரீனும் காரெட்டும். 1968இல் அவர்கள் முன்வைத்த முறைப்படி, மாடு எடை கூடாமலும் குறையாமலும் இருப்பதற்கு மட்டும் வேண்டிய நிகர ஆற்றல், அதன் எடையின் முக்கால் அடுக்கை 0.077ஆல் பெருக்கினால் வரும் மெகா கலோரி ஆகும். இந்தப் பராமரிப்புத் தேவை என்பது சின்னச் செலவு அல்ல. கன்று ஈனும் இறைச்சிப் பசு ஓராண்டில் தின்னும் ஆற்றலில் ஏறக்குறைய 70 சதவீதம், பாலுக்கோ கன்றுக்கோ போகாமல், அவ்வுடலை உயிரோடு நிலைநிறுத்துவதற்கே செலவாகிறது. இறைச்சி மந்தையில் பசுவின் பருமனைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணமே இதுதான்.

கணக்கைச் செய்து பார்க்கலாம். 450 கிலோ பசுவுக்கு அந்த முக்கால் அடுக்கு 97.7, பராமரிப்புக்கு நாள் ஒன்றுக்கு 7.5 மெகா கலோரி. 600 கிலோ பசுவுக்கு 121.2, பராமரிப்புக்கு 9.3 மெகா கலோரி. எடை 33 சதவீதம் கூடியிருக்கிறது, தேவை 24 சதவீதமே கூடியிருக்கிறது. ஒரு கிலோ உலர் பொருளில் 1.2 மெகா கலோரி தரும் நடுத்தரமான உலர் புல்லை வைத்துச் சொன்னால், பெரிய பசுவுக்கு நாள்தோறும் ஒன்றரை கிலோ உலர் பொருள் கூடுதலாக வேண்டும். ஆண்டுக்கு ஏறக்குறைய 550 கிலோ. முப்பது பசுக்கள் உள்ள மந்தையில் இது 16 டன்னைத் தாண்டுகிறது. ஆகவே பருமன் பொருட்டல்ல என்று எண்ணி எல்லா மாட்டுக்கும் ஒரே அளவு போட்ட நானும் தவறு செய்தேன். பருமனுக்கு நேராகப் பெருக்கிய அட்டவணைக்காரர்களும் தவறு செய்தார்கள். சிறிய பசுவுக்கு அட்டவணை சொல்லும் 11.25 கிலோ சரி என்றே வைத்துக்கொண்டாலும், பெரிய பசுவுக்கு வேண்டியது 14 கிலோதான். எஞ்சிய ஒரு கிலோ ஒவ்வொரு நாளும் கொழுப்பாகவோ தொட்டியின் அடியில் கழிவாகவோ போகிறது.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று அந்த அட்டையில் ஒளிந்திருக்கிறது. எங்கள் 22ஆம் எண் பசு 560 கிலோ இருந்தது. அதன் வாலடியில் கை வைத்தால் கொழுப்பு மெத்தென்று அமுங்கும். விலா எலும்பை விரலால் தேட வேண்டும். மார்புக்குக் கீழே சதை தொங்கும். ஒன்று முதல் ஒன்பது வரையிலான உடல் நிலை மதிப்பெண்ணில் அதற்கு 7 கொடுக்கலாம். ஒரு மதிப்பெண் என்பது நடுத்தரப் பசுவில் ஏறக்குறைய நாற்பது கிலோ. அப்படியானால் மதிப்பெண் 5 உள்ள இயல்பான நிலையில் 22இன் எடை 480 கிலோவுக்கு அருகில்தான் இருக்கும். அது சிறிய சட்டகம் கொண்ட, கொழுத்த பசு. அட்டவணையோ 560 என்ற எண்ணை மட்டும் பார்த்து அதற்கு 14 கிலோ போடச் சொல்கிறது. கொழுத்த மாட்டுக்கு மேலும் தீவனம், மெலிந்த மாட்டுக்கு இருப்பதிலும் குறைவு என்று ஆகிறது. இதைப் பின்பற்றும் மந்தையில் மெலிந்த பசு ஈன்ற பிறகு பருவத்துக்கு வராமல் நாள் கடத்தும். அந்த ஆண்டு அதனிடமிருந்து கன்று இல்லாமலே போகலாம். எடையைக் குறிக்கும் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் உடல் நிலை மதிப்பெண்ணையும் எழுதுங்கள் என்பதே, இந்தக் கருவியை வாங்கும் எவருக்கும் நான் முதலில் சொல்லக்கூடியது. திரைப் பெட்டியில் காது வில்லை எண்ணுக்கும் எடைக்கும் இடமிருக்கிறது, மதிப்பெண்ணுக்கு இடமில்லை. நாங்கள் நோட்டில் எழுதுகிறோம்.

அட்டவணை பால் கொடுக்கும் பசுவையும் வற்றிய பசுவையும் பிரித்துப் பார்ப்பதும் இல்லை. ஒரு கிலோ பாலுக்கு ஏறக்குறைய 0.72 மெகா கலோரி செலவாகிறது. ஈன்று இரண்டு மாதமான 450 கிலோ பசு நாளுக்குப் பத்து கிலோ பால் கொடுத்தால் அதற்கு மட்டும் 7.2 மெகா கலோரி. பராமரிப்போடு சேர்த்து 14.7. கன்றைப் பிரித்துவிட்ட 600 கிலோ பசுவுக்கு 9.3 போதும். சிறிய பசுவுக்குப் பெரிய பசுவைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் வேண்டிய காலம் ஒன்று ஆண்டுதோறும் வருகிறது. அதோடு, பால் மிகுந்த இனங்களின் பராமரிப்புத் தேவை வற்றிய காலத்திலும் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். ஈரலும் செரிமானக் குழலும் எடையில் சிறு பங்குதான் என்றாலும், உடல் செலவிடும் ஆற்றலில் 40 முதல் 50 சதவீதம் வரை அவையே எடுத்துக்கொள்கின்றன. பாலுக்காக வளர்த்தெடுத்த மாடுகளில் அந்த உறுப்புகள் பெரியவை.

இங்கே எனக்கு வெகுநாள் குழப்பமாக இருந்த ஒன்று தெளிவாயிற்று. பெரிய பசுவுக்குச் சத்து மிகுந்த தீவனம் போட வேண்டும் என்று எண்ணி அடர்தீவனத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன். பசு தின்னக்கூடிய அளவும் அதன் முக்கால் அடுக்கு எடையை ஒட்டியே உயர்கிறது. ஆகவே சிறிய பசுவுக்குப் போதுமான தரமுள்ள அதே புல், அளவு மட்டும் கூடினால், பெரிய பசுவுக்கும் போதும். பருமன் கூடினால் தீவனத்தின் அளவைக் கூட்ட வேண்டும். பால் கூடினால் தீவனத்தின் தரத்தையும் கூட்ட வேண்டும், ஏனெனில் வயிற்றின் கொள்ளளவு பாலின் வேகத்துக்கு ஈடுகொடுக்காது. இதைப் புரிந்துகொண்ட பிறகு, வற்றிய பெரிய பசுக்களுக்கான அடர்தீவனத்தை அடியோடு நிறுத்தி, அதை ஈன்ற பசுக்களின் தொட்டிக்கு மாற்றினோம். பெரிய பசுக்கள் எதுவும் மெலியவில்லை.

மேடை தந்த எடைகளைக் கொண்டு மந்தையை இரண்டாகப் பிரித்ததும் அப்போதுதான். இயல்பான நிலைக்குத் திருத்திய எடை 520 கிலோவுக்குக் கீழே ஒரு கூட்டம், மேலே ஒரு கூட்டம். ஒரே தொட்டியில் தின்றபோது பெரிய பசுக்கள் தோளால் ஒதுக்க, சின்னவை ஓரத்தில் நின்று எஞ்சியதைப் பொறுக்கும். சராசரி எடைக்குப் போட்ட தீவனம் சராசரிப்படி பங்காவதே இல்லை. பிரித்த முதல் குளிர்காலத்தில் சிறிய கூட்டத்துக்கான மொத்தத் தீவனத்தைக் குறைத்தும், அவற்றில் மெலிந்து கிடந்த மூன்று இளம் பசுக்களின் மதிப்பெண் ஏறியது.

திரைப் பெட்டியோடு வரும் கைபேசிச் செயலி இன்னொரு கணக்கையும் காட்டுகிறது: பால்குடி மறக்கும் கன்றின் எடை, தாயின் எடையில் எத்தனை சதவீதம் என்பது. இது பரவலாகப் பயன்படும் அளவுகோல். இதிலும் அதே நேர்க்கோட்டுப் பிழை இருக்கிறது. 14இன் கன்று 205 நாளில் 212 கிலோ, தாயின் எடையில் 47 சதவீதம். 31இன் கன்று 240 கிலோ, 40 சதவீதம். செயலி 31ஐச் சிவப்பு நிறத்தில் காட்டி, கழிக்கலாம் என்கிறது. தாய் தின்றதைக் குறிக்கும் முக்கால் அடுக்கு எடையால் வகுத்துப் பார்த்தால் 14க்கு 2.16, 31க்கு 1.97 வருகிறது. 14 முன்னே நிற்பது உண்மைதான். ஆனால் செயலி காட்டும் 18 சதவீத இடைவெளி பத்து சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது. 31 சமநிலைக்கு வர அதன் கன்று 263 கிலோ இருந்தால் போதும். அப்படி ஒரு கன்றை அது தந்தாலும் செயலியின் சதவீதம் 44ஐத் தாண்டாது. தன் தீவனத்துக்கு நியாயம் செய்த பசுவையும் அந்தச் செயலி பின்தங்கியதாகவே காட்டும். சிறிய பசுதான் எப்போதும் சிறந்தது என்று இன்று பரவியிருக்கும் பேச்சில் ஒரு பங்கு இந்தச் சதவீதக் கணக்கின் மயக்கம் என்பது என் முடிவு.

பெரியதா சிறியதா என்ற கேள்விக்குத் தீவனத்தைப் பார்க்காமல் விடை சொல்ல முடியாது. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தின் கிளே சென்டரில் உள்ள இறைச்சி விலங்கு ஆய்வு மையத்தில் ஜென்கின்ஸும் ஃபெரலும் ஒன்பது இனப் பசுக்களுக்கு வெவ்வேறு அளவில் தீவனம் கொடுத்து, தின்ற தீவனத்துக்கு எவ்வளவு கன்று எடை கிடைத்தது என்று ஒப்பிட்டு 1994இல் வெளியிட்டார்கள். தீவனம் குறைவாக இருந்தபோது ஆங்கஸ், ரெட் போல் போன்ற நடுத்தர இனங்கள் முன்னே நின்றன; தீவனம் தாராளமாக இருந்தபோது சரோலே, சிம்மென்டால் போன்ற பெரிய, வளர்ச்சி மிகுந்த இனங்கள் முந்தின. பெரிய பசுவுக்குத் தீவனம் போதாதபோது முதலில் நிற்பது சினை பிடிப்பது; கன்றே இல்லாத பசுவின் கணக்கு எந்த அளவுகோலிலும் எழாது. தம் நிலம் பஞ்சமான ஆண்டில் எவ்வளவு தரும் என்பதை அறிந்தவரே தம் பசுவின் சரியான எடையை முடிவு செய்ய இயலும்.

எங்கள் நிலம் தருவது நடுத்தரம். அதனால் கிடேரிகளைத் தேர்ந்தெடுப்பதில் மேடை உதவும் என்று எதிர்பார்க்கிறேன். மந்தையில் மிகப் பெரிய கிடேரிக் கன்றையே ஆண்டுதோறும் தாயாக நிறுத்தி வந்தோம்; பால்குடி மறக்கும் வயதில் கனமாக இருக்கும் கன்று முதிர்ந்த பிறகும் கனமான பசுவாகவே பெரும்பாலும் நிற்கும் என்பதால், நாங்கள் அறியாமலே தலைமுறைக்குத் தலைமுறை பராமரிப்புச் செலவை ஏற்றிக்கொண்டிருந்தோம். இப்போது கிடேரியின் எடையோடு தாயின் திருத்திய எடையையும் சேர்த்துப் பார்த்து, நடுவில் நிற்பவற்றைத் தேர்ந்தெடுக்கிறோம்.

முப்பது பசுக்களுக்கு மேல் வைத்திருப்பவர்களுக்கும், மூன்று நான்கு பேர் கூடி வாங்கிப் பகிர்ந்துகொள்ள முடிந்தவர்களுக்கும் இந்த எடை மேடை வாங்கத் தக்கது. தண்டுகளைக் கழற்றி வண்டியில் ஏற்ற இருவர் போதும். ஆண்டுக்கு இரண்டு முறை, கன்று பிரிக்கும்போது ஒன்றும் ஈனுவதற்கு மூன்று மாதம் முன்பு ஒன்றும் எடுத்தால் தேவையான எல்லாக் கணக்கும் கிடைக்கும். அட்டையைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டேன். அதன் பின்பக்கம் வெறுமையாக இருந்ததால், 400 முதல் 700 கிலோ வரை 25 கிலோ இடைவெளியில் முக்கால் அடுக்கு எடையையும், வற்றிய காலம், சினை முற்றிய காலம், பால் காலம் ஆகிய மூன்றுக்குமான தீவனத்தையும் கையால் எழுதி, அதே ஆணியில் திருப்பி மாட்டியிருக்கிறேன்.